34 மி.மீ. துளையில் நடந்த தில்லுமுல்லு: 1995-ல் டொயோட்டா ராலி அணிக்கு தடை விழுந்தது ஏன்?

1993, 1994 என தொடர்ந்து 2 ஆண்டுகள் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் தயாரிப்பாளர் பட்டத்தை தூக்கிய அணி டொயோட்டா. 1995 சீசனில் மொத்தம் 8 ராலிகள். அதில் 6 முடிந்தபோது ஓட்டுநர் பட்டியலில் முதலிடம், டொயோட்டாவின் ஃபின்லாந்து வீரர் யுஹா காங்குனெனுக்கு. ஆனா சீசன் முடிஞ்சப்போ அணியின் கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லை. என்ன நடந்தது?

ரெஸ்ட்ரிக்டர்னா என்ன?

டர்போ என்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகுதோ, அவ்வளவு பவர் கிடைக்கும். வேகம் எல்லை மீறக் கூடாது என்பதால், டர்போவுக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்டர் என்ற குறுகலான வளையத்தை பொருத்தச் சொல்கிறது விதி. 1995-ல் அதன் துளை 34 மி.மீ. தான். என்ஜினுக்குப் போகும் காற்று முழுக்க அந்த துளை வழியாகத்தான் போகணும்.

மாட்டியது எப்படி?

அக்டோபரில் ஸ்பெயினில் நடந்த கேட்டலோனியா ராலியில், செலிகா ஜிடி-ஃபோர் காரின் டர்போவை சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்ஐஏ சோதித்தது. காற்றுக்குழாயை மாட்டி இறுக்கினால் ரெஸ்ட்ரிக்டர் சுமார் 5 மி.மீ. நகர்ந்து, பக்கவாட்டில் காற்று புகுந்துவிடும். சோதனைக்காக குழாயை கழற்றினாலோ, உள்ளிருக்கும் ஸ்பிரிங்குகள் அதை சரியான இடத்துக்கே தள்ளிவிடும். அதாவது, பார்க்கும்போது எல்லாம் ஒழுங்கா இருக்கும்! இதனால் 25 சதவீதம் வரை கூடுதல் காற்று, சுமார் 50 குதிரைத்திறன் கூடுதல் பவர் கிடைத்திருக்கும் என கணக்கிடப்பட்டது. தன் 30 ஆண்டு மோட்டார் விளையாட்டு அனுபவத்தில் இவ்வளவு நுட்பமான ஏமாற்றுக் கருவியை பார்த்ததே இல்லை என்றார் எஃப்ஐஏ தலைவர் மேக்ஸ் மோஸ்லி.

இத்தனைக்கும் அந்த சீசனில் டொயோட்டா ஜெயித்தது ஒரே ஒரு ராலிதான். கோர்சிகாவில் டிடியே ஓரியோல் பெற்ற வெற்றி அது.

தண்டனை என்ன?

நவம்பரில் தீர்ப்பு வந்தது. 1995 சீசனின் புள்ளிகள் எல்லாம் பறிப்பு, கூடவே 12 மாத தடை. காங்குனென், ஓரியோல் ஆகியோரின் புள்ளிகளும் போயின. ஓட்டுநர்களுக்கு இது தெரிந்திருந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. கார் அணியுடையது என்பதால் அடி அவர்களுக்கும் சேர்த்தே விழுந்தது. அதிக இழப்பு காங்குனெனுக்குத்தான். முந்தைய ஆண்டு சாம்பியனான ஓரியோலும் வெறுங்கையோடு நின்றார்.

பட்டம் யாருக்கு?

கடைசி ராலி பிரிட்டனில். போட்டி சுபாரு அணியின் இரு வீரர்களுக்குள் சுருங்கியது. கார்லோஸ் சைன்ஸை 90-85 என்ற புள்ளிக்கணக்கில் முந்தி, 27 வயதில் சாம்பியன் ஆனார் காலின் மெக்ரே. தயாரிப்பாளர் பட்டமும் சுபாருவுக்கே.

டொயோட்டா திரும்பி வந்தது 1997-ல், கொரோலா காருடன். தயாரிப்பாளர் பட்டத்தை மீண்டும் தொட 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.