இனம் என்னும் கட்டுக்கதையும் அஷ்லி மொன்ரேகுவும்

அறிஞர் கண்ட உண்மை மக்களைச் சென்றடையாதவிடத்து, வெற்றிடத்தைப் பொய் நிரப்பிவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இனக்கொள்கை பெற்ற செல்வாக்கு இதற்குச் சான்றாகும். பிரான்ஸ் போவாஸ் முதலிய மானிடவியலாளர் அக்கொள்கையின் அடித்தளத்தைத் தகர்த்துக்கொண்டிருந்த காலத்திலேதான், 1935இல், நாசி ஜேர்மனி நூரம்பேர்க் சட்டங்களை இயற்றியது. ஆய்வுக்கூடத்தில் தோற்ற கொள்கை வீதியில் வென்றது. அதனை வீதியிலேயே எதிர்கொள்ள முன்வந்தவர்களுள் ஒருவர் அஷ்லி மொன்ரேகு.

1905இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில், யூதத் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் இவர். இயற்பெயர் இஸ்ரேல் எரன்பேர்க். மலினொவ்ஸ்கியிடம் பயின்றபின், 1937இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். இனக்கொள்கையை மனிதனின் மிக ஆபத்தான கட்டுக்கதை எனச் சுட்டும் அவரது நூல் 1942இல் வெளிவந்தது. அதன் வாதம் தெளிவானது. தோலின் நிறம், தலையின் வடிவம், குருதி வகை என்பன ஒருங்குசேர்ந்து மாறுவனவல்ல. நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்தால் ஒரு பட்டியலும், குருதி வகையைக் கொண்டு பிரித்தால் வேறொரு பட்டியலும் கிடைக்கும். மக்கட் கூட்டங்களிடையே வேறுபாடு உண்டு, வேலி இல்லை.

அதே 1942இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், கறுப்பு மக்கள் வழங்கிய குருதியை வெள்ளையர் குருதியினின்றும் பிரித்து வைக்கும் வழக்கத்தை மேற்கொண்டது. அறிவியல் ஆதாரம் எதுவுமற்ற அவ்வழக்கம் 1950 வரை நீடித்தது. நாசிகளை எதிர்த்துப் போரிட்ட நாட்டிலேயே நாசிகளின் மூடநம்பிக்கை குருதிக் குப்பிகளிற் குடியிருந்தது!

1950 யூலையில் யுனெஸ்கோ வெளியிட்ட இனம் பற்றிய அறிக்கையை வரைவதில் முதன்மைப் பங்கு மொன்ரேகுவுடையது. கறுப்புச் சமூகவியலாளர் பிராங்ளின் பிரேசியர், இந்தியாவின் ஹுமாயூன் கபீர் ஆகியோரும் அக்குழுவில் இருந்தனர். இனம் உயிரியல் உண்மை என்பதிலும் சமூகக் கட்டுக்கதை என்பதே பொருந்தும் என்றது அறிக்கை. ஆயினும் ஒத்துழைக்கும் இயல்பு மனிதனுக்குப் பிறவியிலேயே உண்டென அது கூறியதை உயிரியலாளர் பலர் ஏற்கவில்லை. 1951இல் இரண்டாவது அறிக்கை எழுந்தது. அக்கண்டனத்தில் நியாயமும் இருந்தது: நல்ல நோக்கம் சான்றுக்கு ஈடாகாது. மக்களுக்காக எழுதுவோர் இதனை மறத்தலாகாது.

எனினும் மொன்ரேகு ஓய்ந்தாரல்லர். 1953இல், பெண் தாழ்ந்தவள் என்னும் எண்ணத்தைத் தலைகீழாக்கி, அவளது இயற்கை மேன்மை பற்றி எழுதினார். இடதுசாரிச் சிந்தனையாளர் ஐயத்துடன் நோக்கப்பட்ட சூழலில், 1955இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். பின்னர் நூல்களும் மேடைகளும் தொலைக்காட்சியுமே அவரது வகுப்பறைகளாயின. மனிதன் பிறவிக் கொலைஞன் என்ற ஆட்ரியின் கருத்தை மறுக்கும் கட்டுரைகளை 1968இல் தொகுத்தளித்தார். 1999இல் மறைந்தார்.

இனம் என்ற சொல்லையே கைவிட வேண்டுமென்றார் அவர். மொழி, சமயம், நாடு ஆகியவற்றாலமைந்த கூட்டங்களை அச்சொல்லாற் குறித்தல் தவறு என 1950ஆம் ஆண்டு அறிக்கையும் எச்சரித்தது. தமிழிலோ மொழிவழிக் கூட்டம், உயிரியற் பிரிவு இரண்டிற்கும் 'இனம்' என்ற ஒரே சொல்லையே ஆளுகின்றோம். ஆரியம், திராவிடம் என்னும் மொழிக் குடும்பங்களைக் கற்பிக்கையில், அவை மொழியின் பெயர்களேயன்றிக் குருதியின் பெயர்களல்ல என மாணவர்க்கு எடுத்துக் கூறுகின்றோமா? கூறாது விட்டால், அவ்வெற்றிடத்தை நிரப்பப் பிறர் காத்திருக்கின்றனர்.