சொல்லால் அமைந்த குகை: இரு தம்பதியர் வரலாறு

தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின் வகை ஏழனுள் ஒன்றாகப் பிசியை வைத்து எண்ணுகிறார். ஒருவர் சொல்லால் மறைக்க, மற்றவர் சொல்லால் விடுவிக்கும் அவ்விளையாட்டு, பாட்டோடும் உரையோடும் ஒரு நிரலில் நிற்கத் தக்கது என்பது அவர் கருத்து. கணினியிலும் இவ்வாறு சொல்லையே கருவியாகக் கொண்ட விளையாட்டுகள் தோன்றின. அவற்றில் படம் இல்லை, ஒலி இல்லை. கணினி ஓர் இடத்தை எழுத்தில் வருணிக்கும், ஆடுபவர் 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்பன போன்ற ஓரிரு சொற்களைத் தட்டுவார், கதை நகரும். இவ்வகையின் வரலாற்றில் இரு தம்பதியர்க்குச் சிறப்பிடம் உண்டு.

குகை ஆய்ந்த இணையர்

அமெரிக்கரான வில் கிரௌதரும் பாட்ரிசியா கிரௌதரும் கணினி நிரல் எழுதுவோர்; குகை ஆய்வில் பெருவிருப்பினர். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையின் இணைப்புக் கணினிகளுக்கு 1969இல் நிரல் அமைத்த குழுவில் வில் இருந்தார். கென்டக்கி மாநிலத்துப் பிளின்ட் ரிட்ஜ் குகைத்தொகுதி மாமத் குகையோடு இணைகிறது என 1972 செப்டம்பரில் மெய்ப்பித்த குழுவில் பாட்ரிசியா இருந்தார். குகையினுள் எடுத்த அளவுகளைக் கணவனும் மனைவியும் வீட்டிலிருந்த டெலிடைப் கருவி வழியே கணினிக்குத் தந்து வரைபடங்கள் ஆக்கினர்.

பின்னர் அம்மணவாழ்வு முறிந்தது. தம் இரு பெண்மக்களும் விரும்பி ஆடத்தக்கது ஒன்றை ஆக்க எண்ணிய வில், 1975-76ஆம் ஆண்டளவில் 'அட்வென்சர்' என்னும் விளையாட்டை எழுதினார். தாம் நேரில் ஆராய்ந்த கொலோசல் குகையின் பெட்க்வில்ட் பகுதியையே அதற்குக் களமாக்கினார். மனைவியோடு கூடிச் செய்த குகை ஆய்வு நின்றுபோன நிலையில், அக்குகையைச் சொல்லால் மீண்டும் கட்டினார் எனலாம். டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆய்வாளர் மூல நிரலையும் உண்மைக் குகையையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட கட்டுரை, வருணனை பல இடங்களில் குகையோடு பொருந்துவதைக் காட்டுகிறது.

வில் நிரல் எழுதிய அதே வலை வழியே விளையாட்டும் பரவிற்று. ஸ்டான்போர்டில் இருந்த டான் உட்ஸ் 1977இல் அதனை விரிவாக்கினார். பலர் ஒரே வேளையில் கூடி ஆடும் 'மட்' என்னும் சொல்விளையாட்டு, 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றது.

சமையலறை மேசையில் பிறந்த கதை

1979இல் கென் வில்லியம்ஸ் என்னும் நிரலாளர், தொலைவிலுள்ள கணினியோடு தொலைபேசி வழி இணையும் கருவி ஒன்றை வீட்டில் வைத்திருந்தார். அதன் வழியே அட்வென்சரைக் கண்டார். மனைவி ரொபர்ட்டாவுக்கும் காட்டினார். இரு பிள்ளைகளின் தாயான ரொபர்ட்டா அதில் ஆழ்ந்தார்; முடித்த பின் அது போன்ற பிறவற்றைத் தேடினார். தேடியன போதாமையால் தாமே சமையலறை மேசையில் அமர்ந்து ஒரு கதை புனைந்தார். அகதா கிறிஸ்டியின் துப்பறியும் புனைவு அதற்குத் தூண்டுகோல். அவர் கதையும் படமும் தர, கென் நிரல் எழுதினார். தறியில் ஒருவர் அமர, மற்றவர் தார் சுற்றித் தரும் நெசவுக் குடும்பங்களை அறிந்த அம்மையார்குப்பத்தார்க்கு இவ்வுழைப்பின் இயல்பு நன்கு விளங்கும். 1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' வெளிவந்தது. வட்டுகளைப் பிளாஸ்டிக் பைகளில் இட்டுத் தாமே விற்றனர். அவர்தம் 'ஆன்-லைன் சிஸ்டம்ஸ்' நிறுவனம் பின்னர் 'சியரா ஆன்-லைன்' எனப் புகழ்பெற்றது.

இங்கு நுணுகி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. மிஸ்டரி ஹவுஸில் சொல்லோடு எளிய கோட்டுப் படங்களும் இடம்பெற்றன. படத்தின் ஆட்சி படிப்படியாக வளர்ந்தது. 1984இல் ரொபர்ட்டா படைத்த 'கிங்ஸ் குவெஸ்ட்' வரிசையில், 1990இல் வந்த ஐந்தாம் விளையாட்டில் ஆடுபவர் சொல்லைத் தட்டவே தேவையில்லாது போயிற்று. சொல்விளையாட்டால் ஈர்க்கப்பட்டவரே சொல்லின் ஆட்சி சுருங்கவும் வழிகோலினார். முதுமையில் அவ்விணையர் 2023இல் மீண்டும் வெளியிட்டதும் அந்தப் பழைய குகை விளையாட்டையே. ஆயினும் அதுவும் முப்பரிமாணக் காட்சியாகவே வந்தது.

நிறைவாக

பழைய அட்வென்சர் ஒரு சொல்லின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே நோக்கிப் பொருள் கொண்டது. தமிழிலோ வேற்றுமை உருபுகள் சொல்லின் இறுதியில் வந்து சேர்வன. 'விளக்கை', 'விளக்கால்', 'விளக்கோடு' என எவ்வாறு எழுதினும் பெயரின் அடையாளம் முன்னே நிற்கிறது. இத்தகைய விளையாட்டுக்கு நம் மொழியின் அமைப்பு ஒத்துழைக்கும் என்பது என் கருத்து. வேண்டுவது சுருங்கச் சொல்லி ஓர் இடத்தைக் கண்முன் நிறுத்தும் ஆற்றல். அது சங்கப் புலவர் நமக்கு வைத்துச் சென்ற செல்வம். நிரல் அறிந்த இளைஞர் ஒவ்வோர் ஊரிலும் உளர். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் அவர்களோடு ஒரு மேசையில் அமர்ந்து, திருத்தணி மலைப்படிகளையோ நம்மூர்த் தறிக்கூடங்களையோ களமாக்கி ஒரு சொல்விளையாட்டைப் படைக்க முன்வருதல் வேண்டும். பிசியை யாப்பு வகையாகப் போற்றிய மொழிக்கு அது புதிய பணியன்று.