நோயாளியா, மரித்தவனா?



எபேசியர் இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் நமக்குப் பழகிப்போன வசனம். பழகிப்போனதனாலேயே அதிலுள்ள ஒரு சொல்லின் கனத்தை உணராமல் கடந்துவிடுகிறோம். கிருபையை அறியுமுன் மனிதனுடைய நிலை என்ன என்று சொல்லவந்த அப்போஸ்தலனாகிய பவுல், மரித்தவர்கள் என்று எழுதினார். பலவீனர் என்று எழுதியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். பலவீனனுக்குச் சத்துணவு உண்டு. நோயாளிக்கு மருந்து உண்டு. வழிதப்பினவனுக்கு வழிகாட்டி உண்டு. மரித்தவனுக்கு இவற்றில் எதுவும் உதவாது. லாசருவின் கல்லறை வாசலில் கைதேர்ந்த வைத்தியர் பத்துப்பேர் நின்றிருந்தாலும், நான்காம் நாளில் அவர்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இந்த மரணம் மூச்சு நிற்பதற்கு முன்னமே நேரிடக்கூடியது என்பதை வேதாகமம் தன் முதல் பக்கங்களிலேயே காட்டுகிறது. கனியைப் புசிக்கும் நாளில் சாவாய் என்று ஆதாமுக்குச் சொல்லப்பட்டது. அவன் புசித்தான், அதன்பின்னும் நெடுங்காலம் உயிரோடிருந்தான். அவனுடைய நாட்கள் 930 வருஷம் என்று ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரம் கணக்குச் சொல்லுகிறது. ஆனால் அந்த நாளிலேயே, தோட்டத்தில் தேவனுடைய சத்தத்தைக் கேட்டவுடன், அவன் விருட்சங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டான். மரணம் அங்கே தொடங்கிவிட்டது. லூக்கா 15ஆம் அதிகாரத்தின் தகப்பனும் அப்படியே பேசுகிறார். தூரதேசத்தில் பன்றிகளை மேய்த்துக்கொண்டிருந்த மகனுக்குப் பசி இருந்தது, நினைவு இருந்தது, நடக்கக் கால்கள் இருந்தன. ஆயினும் அவன் மரித்திருந்தான் என்றே தகப்பன் சொல்லுகிறார்.

இந்தச் சொல்லை ஆதிச் சபை எவ்வளவு நேராக எடுத்துக்கொண்டது என்பதை இந்த வாரம் சரித்திரத்திலிருந்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

சிரியா தேசத்தில், ஐபிராத்து நதிக்கரையில், தூரா எவுரோப்போஸ் என்றொரு கோட்டை நகரம் இருந்தது. அங்கே ஒரு சாதாரண வீட்டை விசுவாசிகள் 240ஆம் ஆண்டையொட்டி ஆராதனை வீடாக மாற்றினார்கள். 256ஆம் ஆண்டளவில் பெர்சியரின் முற்றுகைக்கு அஞ்சி, மதிலைப் பலப்படுத்துவதற்காகக் கொட்டப்பட்ட மண்ணுக்குள் அந்த வீடு புதைந்துபோயிற்று. 1930களில் அகழ்வாராய்ச்சியாளர் மண்ணை அகற்றியபோது, ஞானஸ்நானம் கொடுக்கும் ஒரு சிறு அறையும் அதன் சுவரோவியங்களும் வெளிப்பட்டன. இன்று அவ்வோவியங்கள் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அந்த அறையின் தொட்டியைக் கவனியுங்கள். மேலே வளைவோடு கூடிய மாடத்தின் கீழ் அது அமைந்திருக்கிறது. அக்காலத்துக் கல்லறை மாடங்களின் அமைப்பும் அதுவே. தொட்டிக்கு மேலே, ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன்; அவர் பாதத்தருகே சிறிய உருவில் ஆதாமும் ஏவாளும். பக்கத்துச் சுவரில், பெரிய கல்லறை போன்ற ஒன்றை நோக்கிக் கைகளில் விளக்கேந்திச் செல்லும் ஸ்திரீகள். அவர்கள் உயிர்த்தெழுந்த நாளின் ஸ்திரீகளா, புத்தியுள்ள கன்னிகைகளா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். என் மனதுக்குக் கல்லறை ஸ்திரீகளே பொருந்துகிறார்கள்.

எருசலேமில் இது இன்னும் வெளிப்படையாய் நடந்தது. சிரில் பேராயரின் பெயரால் வழங்கும் உபதேசங்கள் சில 4ஆம் நூற்றாண்டிலிருந்து நமக்குக் கிடைத்துள்ளன. (அவருக்குப் பின்வந்த யோவான் பேராயருடையவை என்பாரும் உண்டு.) புதிதாய் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு, ஆண்டவருடைய கல்லறை இருந்த ஆலயத்திலேயே சொல்லப்பட்ட உபதேசங்கள் அவை. ஞானஸ்நானம் பெறுவோர் முதலில் இருள் திசையாகிய மேற்கை நோக்கி நின்று, கையை நீட்டி, சாத்தானை விட்டு விலகுவதாக அறிக்கையிட்டார்கள். பின்பு கிழக்கே திரும்பினார்கள். பழைய வஸ்திரங்களைக் களைந்தார்கள், எண்ணெய் பூசப்பட்டார்கள். சிலுவையிலிருந்து எதிரேயிருந்த கல்லறைக்கு ஆண்டவர் கொண்டுபோகப்பட்டதுபோலத் தண்ணீரண்டைக்கு நடத்தப்பட்டார்கள். மூன்றுமுறை அமிழ்ந்தது மூன்று நாள் அடக்கத்தைக் குறித்தது. உபதேசகர் பிரசங்கி மூன்றாம் அதிகாரத்தை எடுத்து அருமையான ஒரு விளக்கம் தருகிறார். பிறக்க ஒரு காலம், இறக்க ஒரு காலம் என்று சாலொமோன் வரிசைப்படுத்தினார். உங்களுக்கோ அந்த வரிசை தலைகீழாயிற்று, இறப்பு முதலிலும் பிறப்பு பின்னுமாக, இரண்டும் ஒரே வேளையில் நடந்தன என்பது அதன் கருத்து.

தமிழரான நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. துக்கவீட்டிலிருந்து வந்தால் தலைமுழுகுகிறோம். ஒருவனோடு இனி எந்த உறவும் இல்லை என்று தீர்ந்துபோனால் அவனைத் தலைமுழுகிவிட்டதாகவும் சொல்லுகிறோம். சாவும் முழுக்கும் நம் பேச்சில் ஏற்கனவே கைகோத்து நிற்கின்றன. ரோமர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் முழுக்கில் ஒரு வித்தியாசம் உண்டு. மரித்தது வேறொருவர் அல்ல, முழுகுகிறவனே. அவன் தலைமுழுகுவது தன்னையே.

இப்படி உணர்ந்திருந்தபடியால் அக்காலத்து மனிதர் அந்தத் தண்ணீருக்குப் பயந்தார்கள். பேரரசன் கான்ஸ்டன்டைன் சபைக்கு ஆதரவு தந்தான், ஆலயங்கள் கட்டினான், பேராயர்களைக் கூட்டி நிசேயாவில் சங்கம் நடத்தினான். ஆனால் ஞானஸ்நானம் பெற்றது 337ஆம் ஆண்டில், மரணப்படுக்கையில். அதன்பின் இராஜரீகமான ஊதாநிற அங்கியைத் திரும்ப உடுத்தாமல் வெள்ளை வஸ்திரத்தோடே மரித்தான் என்று அவன் சரித்திரத்தை எழுதிய எவுசேபியுஸ் கூறுகிறார். மிலான் நகரத்தின் ஆளுநராயிருந்த அம்புரோஸ் 374இல் ஜனங்களால் பேராயராகத் தெரிந்துகொள்ளப்பட்டபோது, அவர் இன்னும் ஞானஸ்நானமே பெற்றிருக்கவில்லை! அவசரமாய்ப் பெற்று, சில நாட்களுக்குள் பேராயரானார்.

தள்ளிப்போட்டது தவறு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய வாழ்க்கையை இன்னும் கொஞ்சநாள் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசையும் அதற்குள் ஒளிந்திருந்தது. ஆயினும் அந்தத் தவற்றுக்குள் நாம் தொலைத்துவிட்ட ஒரு பயபக்தி இருக்கிறது. இறங்கினால் பழைய மனிதனாய் ஏறிவர முடியாது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். நம்மிடையே ஞானஸ்நான ஆராதனை என்றால் எத்தனைபேருக்குச் சாப்பாடு, புகைப்படக்காரர் யார், சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்பவையே பேச்சாகின்றன. அங்கே ஒரு அடக்கம் நடக்கிறது என்று எத்தனைபேருக்கு நினைவிருக்கிறது?

இந்தத் தள்ளிப்போடுதலின் நடுவே வளர்ந்தவர்தான் அகஸ்டின். 354இல், வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தார். சிறுவயதில் கடும் வயிற்றுவலியால் சாகும் தறுவாயில் கிடந்தபோது ஞானஸ்நானம் வேண்டுமென்று கெஞ்சினார். தாயார் மோனிக்கா ஆயத்தம் செய்தார். அதற்குள் பிள்ளை பிழைத்துக்கொண்டதால் அது ஒத்திவைக்கப்பட்டது. கழுவப்பட்டபின் செய்யும் பாவத்துக்குக் குற்றம் அதிகம் என்பது அன்றைய எண்ணம்.

'அறிக்கைகள்' என்ற தம் நூலின் நான்காம் புத்தகத்தில் அகஸ்டின் எழுதியுள்ள ஒரு சம்பவத்தை நீங்கள் அவசியம் அறியவேண்டும். இருபது வயதைக் கடந்த அவர் தகாஸ்தேக்குத் திரும்பி ஆசிரியராயிருந்த காலம். அவருக்கு ஒரு நண்பன். கூடவே வளர்ந்தவன், கூடவே படித்தவன். அவன் பெயரை அகஸ்டின் எங்கும் சொல்லவில்லை. விசுவாசத்தில் இன்னும் வேரூன்றாதிருந்த அந்த வாலிபனை, அகஸ்டின் தாம் பின்பற்றிய மானிக்கேய மதத்தின் பக்கம் இழுத்துவிட்டிருந்தார். அப்போது அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நினைவு தப்பி, மரணவேர்வையில் கிடந்தான். பிழைப்பான் என்ற நம்பிக்கை அற்றுப்போகவே, அவன் அறியாமலே அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

அகஸ்டின் அதைப் பொருட்படுத்தவில்லை. உணர்வில்லாத உடம்பின்மேல் பட்ட தண்ணீர் என்ன செய்துவிடும்? தாம் அவன் மனதில் பதித்தவை அல்லவா நிலைக்கும் என்று நினைத்தார். நண்பனுக்கோ உடம்பு தேறிற்று, பேச முடிந்தது. அகஸ்டின் படுக்கையருகே உட்கார்ந்து, அந்த ஞானஸ்நானத்தைப்பற்றி வேடிக்கையாய்ப் பேசினார். அவனும் சேர்ந்து சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவனோ சத்துருவைக் கண்டதுபோல அவரைப் பார்த்துத் திடுக்கிட்டான். தன் நண்பனாயிருக்க விரும்பினால் இப்படிப் பேசுவதை விட்டுவிடவேண்டும் என்று, இதுவரை இல்லாத ஒரு தைரியத்தோடு சொன்னான். அகஸ்டின் திகைத்தார். நன்றாய்க் குணமடையட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டார். சில நாட்களில் காய்ச்சல் திரும்பிவந்தது. அகஸ்டின் அருகில் இல்லாத வேளையில் அவன் மரித்துப்போனான்.

அன்பானவர்களே, அந்த அறையை மனக்கண்ணால் பாருங்கள். படுக்கையில் இருப்பவன் சாகப்போகிறவன்; அருகே உட்கார்ந்திருப்பவர் திடகாத்திரமான வாலிபர், பேச்சில் வல்லவர். பார்க்கிற எவரும் யார் உயிருள்ளவர் என்று தவறாகவே சொல்லியிருப்பார்கள்.

உங்களில் பலர் கைக்குழந்தையாயிருக்கையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒன்றும் அறியாத பருவத்தில் நடந்தது எனக்கு எப்படிச் செல்லும் என்று வாலிபர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. தகாஸ்தேயின் அந்த வாலிபனும் ஒன்றும் அறியாமலே பெற்றான். ஆனால் கண்விழித்தபோது, தன்மேல் நடந்த காரியத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டு, உயிர்நண்பனுக்கு எதிராகவும் அதற்காக நின்றான். அந்த விழிப்பு உங்களுக்கு உண்டாயிற்றா என்பதே நான் திரும்பக் கேட்கும் கேள்வி. விழிப்பில்லாமல் சான்றிதழ் மட்டும் இருந்தால், உயிருள்ளவனென்று பெயர்பெற்றும் செத்திருந்த சர்தை சபையின் நிலைமைதான் (வெளிப்படுத்தல் 3:1).

அகஸ்டினுக்கு அந்த விழிப்பு வரப் பத்து வருஷத்துக்குமேல் ஆயிற்று. 386இல் மிலானில், ஒரு தோட்டத்தில், ரோமர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் அவரைப் பிடித்தன. 387ஆம் ஆண்டு ஈஸ்டர் இரவில் அம்புரோஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மகன் அதெயோதாத்தும் நண்பர் அலிப்பியுசும் அவரோடே தண்ணீரில் இறங்கினார்கள். அந்த எண்கோண மண்டபத்தின் அஸ்திபாரமும் தொட்டியும் மிலான் பேராலயத்தின் கீழே இன்றும் இருக்கின்றன. எட்டு என்பது ஓய்வுநாளுக்கு மறுநாள், ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள். உரோமப் பெரியோரின் கல்லறை மண்டபங்களும் இவ்வடிவில் கட்டப்பட்டதுண்டு.

பிற்காலத்தில் பெலேகியுஸ் என்பவர், மனிதன் தன் இயல்பான சக்தியாலேயே தேவ கற்பனைகளைக் கைக்கொள்ள முடியும் என்று போதித்தார். நல்ல ஒழுக்கமுள்ள மனிதர். சோம்பேறிக் கிறிஸ்தவர்களைத் தட்டியெழுப்ப விரும்பினார். அகஸ்டின் கடைசிவரை அதை எதிர்த்து எழுதினார். 418இல் கார்த்தேஜில் கூடிய சபைச்சங்கமும் அந்தப் போதனையைத் தள்ளிற்று. இது வெறும் தத்துவச் சண்டை என்று எண்ணிவிடாதிருங்கள். தூங்குகிறவனைத் தட்டியெழுப்பலாம், மரித்தவனைத் தட்டிக்கொண்டிருந்து என்ன பயன்? நினைவிழந்து கிடந்த நண்பன் தன் முயற்சியின்றி ஜீவன் பெற்றதைக் கண்ணால் கண்டவருக்குப் பெலேகியுஸின் போதனை எப்படி ஏற்கும்?

அந்த நண்பன் மரித்தபோது அகஸ்டின் பட்ட துக்கத்தை அவரே விவரிக்கிறார். பார்த்த இடமெல்லாம் சாவாய்த் தெரிந்தது. சொந்த ஊர் தண்டனையாயிற்று. வாழவும் வெறுப்பு, சாகவும் பயம். தாளமுடியாமல் ஊரைவிட்டே கார்த்தேஜுக்குப் போய்விட்டார்.

387ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மோனிக்கா அம்மையார் உரோமாபுரியின் துறைமுகமாகிய ஒஸ்தியாவில் நோயுற்றார். கணவருக்கு அருகே தமக்கும் ஒரு கல்லறையை அவர் முன்னமே ஆயத்தம் செய்திருந்தவர். இப்போதோ, இந்த உடலை எங்காவது அடக்கம்பண்ணுங்கள், அதைக்குறித்துக் கவலைப்படவேண்டாம் என்று மகன்களிடம் சொன்னார். ஒன்பதாம் நாளில், 56ஆம் வயதில், கண்மூடினார். சிறுவன் அதெயோதாத்து வாய்விட்டு அலறினான். பெரியவர்கள் அவனை அமர்த்தினார்கள். அகஸ்டினும் பின்பு தனிமையில் அழுதார், அதை மறைக்கவுமில்லை. ஆனால் அந்த வீட்டில், உடல் இன்னும் கிடத்தப்பட்டிருக்கையிலேயே, அவருடைய நண்பர் எவோதியுஸ் சங்கீதப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். நம் வேதாகமத்தில் 101ஆம் சங்கீதமாக உள்ளதைப் பாடத் தொடங்கினார். வீட்டிலிருந்த அனைவரும் அவரோடே சேர்ந்து பாடினார்கள்.