பழைய கல்லின் படி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குடவோலை, முப்பது குடும்பு, சோழர் கால ஜனநாயகம் என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தாயிற்று. தேர்தல் வந்தால் ஏதாவது ஒரு சேனல்காரர் மைக்கோடு அந்தச் சுவர் முன்னால் நிற்பார். எனக்கு அந்தச் சுவரில் பிடித்தது வேறொன்று. அங்கே ஒரே விதி இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது.

முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், சபை ஒரு ஏற்பாடு செய்கிறது. வாரியத்துக்கு வருகிறவருக்கு வயது 30க்கு மேல், 60க்குள். இரண்டே வருஷத்தில் திருத்தம் வருகிறது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது 35க்கு மேல், 70க்குள். கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய இன்னின்ன உறவினர்களும் பானைக்குள் ஓலையாகக்கூட வரக்கூடாது என்பது போன்ற தகுதியிழப்புகள் நீளமாக, ஓட்டையே இல்லாமல் எழுதப்படுகின்றன. நடுவில் என்ன நடந்தது, யார் எந்தக் கணக்கைக் காட்டாமல் போனார் என்று கல் சொல்லவில்லை. ஆனால் புதியது வந்ததும் பழையதைச் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டும் இருப்பதால்தான் என்ன மாறியது என்று நமக்குத் தெரிகிறது. கணினி வேலைக்காரன் கண்ணுக்கு அது வெர்ஷன் ஹிஸ்டரி.

இந்தச் சுவரைப் பற்றி யோசிக்க வைத்தது என் மாமாதான். பக்கத்துக் கிராமத்துக்காரர், ரிட்டையர்டு வாத்தியார். இருபது வருஷத்துக்கும் மேலாக நாலு இணையதளங்கள் வைத்திருக்கிறார். ஊர் ஏரிக்கு ஒன்று, கோயில்களுக்கு ஒன்று, பழைய மாணவர்களுக்கு ஒன்று, நாலாவது எதற்கென்று அவருக்கே நினைவில்லை. போன வருஷம் அவருடைய ஹோஸ்டிங் நிறுவனம் அறுபது நாளில் கடையை மூடுவதாக ஒரு மெயில் போட்டது. அது ஸ்பேம் பெட்டிக்குள் நாற்பது நாள் கிடந்தது. "ஏம்பா, பொட்டிய ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்கு மாத்துறதுதானே, ஒரு நாள் வேலதானே?" என்று போன் செய்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டேட்டாபேஸை இறக்கி, புதிய சர்வரில் ஏற்றித் திறந்தால் திரையில் தமிழே இல்லை. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர் என்று பக்கம் முழுக்க அதுதான். இந்த வியாதியைத் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். யுனிகோடை இணையத்தில் அனுப்பும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். பழைய டேட்டாபேஸ் தன்னிடம் இருப்பது ஐரோப்பிய லத்தீன்-1 எழுத்து என்று நம்பிக்கொண்டே அதற்குள் தமிழை வைத்திருந்தது. வெளியே எடுக்கும்போது, லத்தீனை மாற்றுகிறேன் பேர்வழி என்று, ஏற்கெனவே மாற்றப்பட்டதை இன்னொரு தடவை மாற்றிவிட்டது. 'நீ லத்தீன்தான்' என்ற அதன் நம்பிக்கையைக் கலைக்காமல் அப்படியே வெளியே எடுத்து, ஏற்றும்போது மட்டும் 'இது யுடிஎஃப்-8' என்று லேபிளை மாற்றினால் தமிழ் திரும்ப வரும். வந்தது.

நாலாவது தளம் அதற்கும் வரவில்லை. அது 2001இல் எழுதியது. அப்போது நான் எட்டாவதுகூடப் போகவில்லை.

தமிழ் இணையம் இந்த இடமாற்றத்தை ஒரு தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாப், டாம் என்று இரண்டு குறியீடுகள் முன்வைக்கப்பட்டன. மின்னஞ்சல் குழுக்களில் வளர்ந்த டிஸ்கி தனிப்பாதை. பத்திரிகைகள் ஆளுக்கொரு எழுத்துரு. ஒரு தளத்தைப் படிக்க முதலில் அதன் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். உலகம் முழுக்க ஆட்கள் சங்க நூல்களையும் பக்தி நூல்களையும் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தார்கள். முதலில் டிஸ்கியில் கொடுத்ததைப் பிறகு யுனிகோடுக்கு மாற்றினார்கள். ஒரே புத்தகத்துக்கு இரண்டு தடவை உழைப்பு. தமிழக அரசு யுனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்க 2010 ஆனது.

டிஸ்கியிலிருந்து மாற்றுவது எண்ணுக்கு எண் போடும் வேலையில்லை. அது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுத்தைச் சேமிக்கும். கொம்பு முதலில், மெய் பிறகு. யுனிகோடு சொல்கிற வரிசையில் சேமிக்கும். மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. வரிசையைத் திருப்பாமல் வெறும் எண்ணை மட்டும் மாற்றினால் 'சபை' என்பது 'சைப' ஆகிவிடும். மாமாவின் உத்திரமேரூர் பக்கத்தில் சைப கூடி ஓலை எடுத்தது. நாற்பது இடத்தில். முதல் முயற்சியில் நான் செய்த தவறு அது.

எழுத்தாவது கிடைத்ததே. 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது லட்சக்கணக்கான தனிமனிதப் பக்கங்கள் இணைப்பறுந்து போயின. ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் அதற்குள் அள்ளிய 600 ஜிபிக்கு மேற்பட்ட மிச்சம்தான் இன்று இருக்கிறது. அறிவிப்பு முன்கூட்டியே வந்ததுதான். ஆனால் பக்கம் போட்டவர்களில் பலர் அந்தப் பாஸ்வேர்டை மறந்து வருஷங்களாகியிருந்தன.

அறிவிப்பு கொடுத்து, பேக்கப் எடுத்து, இடித்து, கட்டி, மறுபடி ஏற்றிய ஒரு முழு இடமாற்றத்துக்குச் சான்று வேண்டுமென்றால் கொள்ளிடத்தின் வடகரைக்குப் போக வேண்டும். அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடி. முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், 1013 வாக்கில், அங்குள்ள கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிடுகிறான். பிரிப்பதற்கு முன்னால் சுவரிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் உத்தரவு. புத்தகம் என்றால் ஓலைதான். புதிய சுவரில் அவை திரும்ப ஏறியது ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026 வாக்கில். உத்தரவு போட்டவன் அப்போது உயிரோடில்லை. பதின்மூன்று வருஷம் அந்தக் கோயிலின் சொத்துக் கணக்கு ஓலையில் இருந்திருக்கிறது. கரையான், மழை, தீ, மறதி எல்லாவற்றையும் தாண்டி. யாரோ ஒரு ஊழியர் அந்தக் கட்டைத் தொலைக்காமல் வைத்திருந்தார். பெயர் தெரியாத அவர் மேல் எனக்கு மன்னர்கள் இருவரையும்விட மதிப்பு அதிகம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? கல்வெட்டு அவர்களுக்கு வரலாறு இல்லை, பத்திரம். ஒருவர் ஒரு நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடு கொடுத்திருப்பார். சாவா மூவாப் பேராடு. சாகிற ஆட்டுக்குப் பிறக்கிற ஆடு ஈடு, எண்ணிக்கை குறையாது, விளக்கு அணையாது. எழுத்து போனால் ஆட்டை வாங்கினவரின் பேரனிடம் நெய் கேட்க ஆதாரம் இல்லை.

திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவி கற்றளி எடுப்பித்தபோதும் இதே வேலை நடந்தது. பல்லவர் காலக் கல்வெட்டுகள்கூட அங்கே புதுச் சுவரில், பத்தாம் நூற்றாண்டு எழுத்தில், இது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு இருக்கின்றன. எழுத்து புதிது, ஆண்டு பழையது. அந்தக் குறிப்பு இல்லையென்றால் இது போலிச் சாசனமா என்று ஆய்வாளர்கள் அடித்துக்கொண்டிருப்பார்கள். நான் மாமாவின் தளத்தை மாற்றியபோது எல்லாக் கட்டுரைக்கும் அன்றைய தேதியே விழுந்துவிட்டது. பழைய தேதியைத் தேடிப் பொருத்த இரண்டு ராத்திரி.

எல்லோரும் செம்பியன் மாதேவி இல்லை. திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுக் கற்களைப் படிக்கட்டாகப் போட்டது, வரிசை மாற்றி அடுக்கியது, மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்து எழுத்தைத் தேய்த்தது எல்லாம் நடந்திருக்கிறது. கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டினால் பாதியில் நிற்கும் துண்டுகள் ஏராளம். அந்த வரியின் மறுபாதி எந்த வீட்டு வாசலிலோ.

படியெடுப்பதும் இடம் மாறுவதும் கோயிலோடு முடியவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் கல்வெட்டுத் துறை எடுக்கத் தொடங்கிய மைப்படிகள் உதகமண்டலத்துக்கும் பிறகு மைசூருக்கும் போயின. 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொன்னது. தாள், மை, மடிப்பு, ஈரம் என்று அதுவும் ஒரு சர்வர் மாற்றம்தான். உத்திரமேரூர்ச் சபை எழுதிய ஓலைகள் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. ஏரி வாரியத்தின் ஆறு பேர் வருஷா வருஷம் காட்டிய கணக்கும் இல்லை. கல்லில் ஏறியதுதான் கிடைத்தது.

நாலு தளங்களையும் ஒரே டொமைனுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டேன். பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும் வரிகளையும் எழுதியாயிற்று. கடைசி நாளுக்கு முந்தைய சாயங்காலம் மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏரிப் பக்கத்தை முழுக்கப் படித்தார். ஒரு தப்பு கண்டுபிடித்தார். அது 2001இல் அவரே செய்த தப்பு, ஏரியின் பெயர் வயிரமேக தடாகத்தில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.

"திருத்திடவா மாமா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "திருத்து. ஆனா பழசு என்னன்னு கீழ ஒரு வரி போட்டுடுப்பா."