நாலந்தா கெடிகே: இடம்பெயர்ந்த கற்றளி

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவுக்குக் கிழக்கே, போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் ஓரமாக நாலந்தா கெடிகே நிற்கின்றது. காண்போர் அதனை அவ்விடத்திலேயே எழுந்த கட்டடமெனக் கருதுதல் கூடும். ஆயின், அது முதலில் எழுந்த நிலம் வேறாகும்.

கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனக் கருதப்படும் இக்கற்றளி, பல்லவர் காலத் திராவிடக் கட்டடக்கலை மரபைத் தழுவியது. கருவறை, முன்மண்டபம், கூடுகளால் அணிசெய்யப்பட்ட விமானம் என்னும் அமைப்பு மாமல்லபுரக் கோயில்களை நினைவூட்டும். ஆயினும் இது பௌத்த வழிபாட்டுக்குரியதாக விளங்கியதென்பது அறிஞர் பலரின் கருத்து. ஈழத்தின் பண்பாட்டு வரலாற்றைச் சமய, மொழி எல்லைகளுள் தனித்தனியே அடைத்து எழுதுதல் பொருந்தாது என்பதற்கு இதனிலும் தெளிவான கற்சான்றுகள் மிகச் சிலவே. இது மறைந்திருப்பின் அச்சான்றும் உடன் மறைந்திருக்கும்.

மகாவலித் திட்டத்தின் கீழ் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய இடம் நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. எனவே கெடிகே கல் கல்லாகக் கழற்றப்பட்டு, 1980ஆம் ஆண்டளவில் உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கப்பட்டது. இதனை இயலச் செய்தது அதன் கல்லமைப்பே எனலாம். ஒவ்வொரு கல்லும் தனியோர் உறுப்பாதலின், இலக்கமிட்டுப் படம் வரைந்துகொண்டால் எடுத்த ஒழுங்கிலேயே திரும்ப வைத்தல் கூடும். பொலனறுவைத் தூபாராமம் போன்ற செங்கற் கட்டடமாயின் கல்லும் சாந்தும் இறுகி ஒன்றாகியிருக்கும்; பிரிக்கும்போதே அது சிதைந்துவிடும்.

எகிப்தின் அபு சிம்பெல் கோயில்கள் மலையைக் குடைந்து ஆக்கப்பட்டவை. அவற்றிற் பொருத்துக்களே இல்லை. அஸ்வான் உயரணையின் நீரிலிருந்து அவற்றைக் காக்க, 1964 முதல் 1968 வரை பாறையை ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டங்களாக அறுத்து, ஏறத்தாழ 65 மீற்றர் உயரத்தில் மீள நிறுவினர். ஆண்டில் இருமுறை, பெப்ரவரியிலும் ஒக்டோபரிலும், காலைக் கதிர் பெருங்கோயிலின் கருவறையை எட்டுமாறு திசையும் பேணப்பட்டது. ஆனால் அந்நிலத்து வாழ்ந்த எகிப்திய நூபியர் ஏறத்தாழ 50,000 பேர் தொலைவிலுள்ள கொம் ஒம்போப் பகுதியிற் குடியேற்றப்பட்டனர். கோயில் நைல் நதிக்கரையிலேயே நின்றது. அதன் அயலவர் அங்கு நிற்கவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது ஒன்றே. பெயர்த்தெடுத்தல் கட்டடத்தைக் காக்கும், இடத்தைக் காக்காது. அத்திவாரத்தின் கீழுள்ள மண்படைகளும், சூழவிருந்த வயலும் வழியும் நீரோட்டமும், அங்கு வாழ்ந்தோர் அதனைப்பற்றி அறிந்திருந்தனவும் வரலாற்று மாணவனுக்குக் கல்வெட்டினை ஒத்த ஆதாரங்களாகும். அவை நீரில் அமிழ்ந்தபின் எந்தப் பொறியியலாலும் மீட்க இயலாதவை.

இடித்து அழிப்பதினும் பெயர்த்துக் காத்தல் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அஃது இறுதி வழியாகவே கொள்ளத்தக்கது. அவ்வழியை மேற்கொள்வோர் கற்களுக்கு இலக்கமிடுவதோடு அமையாது, நிலத்தை அகழ்ந்து ஆராய்ந்து, அங்குள்ளோரின் நினைவுகளையும் எழுத்தில் பதிந்துவைத்தல் கடனாகும். அப்பொழுதே புதிய இடத்தில் நிற்கும் கட்டடத்திலிருந்து அதன் பழைய வரலாற்றை நாம் உணர்தல் கூடும்.