கார் ஆயிலும் ஏற்காடும்

1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது, பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டாம் என்பதே எங்களுக்குப் பெரிய அதிசயம். ராஜ்தூத் ஓட்டிய கை அல்லவா! அதில் கிளட்ச்சுக்குத் தனி ஆயில். புதிய நான்கு ஸ்ட்ரோக் வண்டியிலோ என்ஜினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில். அதன் அர்த்தம் எனக்குப் புரிய 2001 ஆயிற்று.

காருக்கு வாங்கி மிஞ்சிய புது ஆயிலை, வீணாக்குவானேன் என்று பைக்கில் ஊற்றினேன். சில நாளில் ஏற்காடு பயணம், பின்னால் மனைவி. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் என்ஜின் அலறுகிறது, வண்டி ஏற மறுக்கிறது. பின்னால் பஸ் ஹாரன். அவள் இறங்கி நடந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

சேலத்து மெக்கானிக் முதலில் கிளட்ச் லீவரில் ப்ளே இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. "என்ன ஆயில் சார் ஊத்துனீங்க?" என்றார். சொன்னேன். சிரித்தார்.

எரிபொருள் மிச்சமாகட்டும் என்று கார் ஆயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் போடுகிறார்கள். ஆயிலில் நனைந்தபடியே பிடிக்கவேண்டிய கிளட்ச் தட்டுகள் அதில் வழுக்கிவிடும். இதற்காகவே ஜப்பானில் 1998-ல் 'ஜாசோ எம்ஏ' என்று பைக் ஆயிலுக்குத் தனித் தரம் வகுத்தார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும் வழக்கம் எனக்கு ஏது?

தட்டுகள் வழவழவென்று கருகியிருந்தன. புதுத் தட்டு, புது ஆயில். மறுபடி ஏற்காடு போகலாமா என்று கேட்டேன்.

"பஸ்ல" என்றாள்.