உள்ளறையில் ஒரு திருவிடம்: இக்கிட்சுகித் தீவின் மறைவுக் கிறிஸ்தவர் வழிபாடு

கத்தோலிக்க மரபில் ஓரிடம் ஆயரின் அர்ச்சிப்பால் புனிதமாகிறது. குரு நிறைவேற்றும் பலிபூசையால் அப்புனிதம் தொடர்கிறது. இவ்விரண்டும் கிட்டாத நிலையில், இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தம் வீட்டு உள்ளறையைத் திருவிடமாகக் காத்தவர்கள் ஜப்பானின் நாகசாக்கி மாநிலத்து இக்கிட்சுகித் தீவினர். ஒளிந்து வழிபட வேண்டிய நெருக்கடியே அவ்விடத்தை உருவாக்கியது என்பர். தோற்றத்துக்கு அவ்விளக்கம் பொருந்தும். நீடிப்புக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய புனித சவேரியார் 1549இல் ககோஷிமாவில் இறங்கினார். மறு ஆண்டு இக்கிட்சுகிக்கு அண்மையிலுள்ள ஹிராடோவுக்கும் சென்றார். 1558இல் கோதெதா குடும்பத்தின் ஆட்சிக்குட்பட்ட ஊர்களில் மக்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். அக்காலத்தில் வழிபாட்டிடங்கள் வெளிப்படையாகவே இருந்தன. 1599இல் கோதெதா குடும்பத்தார் தீவை விட்டு வெளியேறினர். 1614இல் நாடு முழுவதும் தடை வந்தது. 1644இல் கொனிஷி மான்சியோ கொல்லப்பட்டபின் ஜப்பானில் குருவே இல்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனுமொரு பௌத்தக் கோயிலில் பெயர் பதிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இந்நிலையில் வீடே இரண்டாகப் பகுந்தது. வருவோர் காணும் அறையில் பௌத்தப் பீடமும் ஷிண்டோ மாடமும் இருந்தன. பொருள்களை வைக்கவும் உறங்கவும் பயன்பட்ட உள்ளறையாகிய ‘நான்டோ’வில் திருவுருவ ஓவியச் சுருள்கள் மறைத்து வைக்கப்பட்டன. அவ்வறையின் பெயராலேயே அவை ‘நான்டோகாமி’, அதாவது உள்ளறைக் கடவுள், எனப்பட்டன. அவற்றைக் காக்கும் வீடு ‘த்சுமோதோ’. பல குடும்பங்கள் சேர்ந்த குழுவுக்கு அதுவே ஆலயம். இலத்தீனும் போர்த்துக்கீசியமும் கலந்த ‘ஒராஷோ’ செபங்கள் அங்கே மனப்பாடமாக ஓதப்பட்டன. பரதவருக்குத் தமிழில் செபங்களை மனனம் செய்வித்த சவேரியாரின் முறையோடு இதனை ஒப்புநோக்கலாம்.

மறைத்து வைத்ததனால் மட்டும் ஓரறை புனிதமாகிவிடாது. இக்கிட்சுகிக்கு அருகிலுள்ள நாகாயெனோஷிமா என்னும் பாறைத்தீவில் 1622இலும் 1624இலும் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டனர். அத்தீவின் பாறைப் பிளவுகளில் கசியும் நீரைச் செபத்தோடு சேகரித்து வந்து, ‘சான் ஜுவான்’ எனத் திருமுழுக்கு யோவானின் பெயரிட்டு வணங்கினர். திருமுழுக்குக்கும் பொருள்களைத் தூய்மையாக்குவதற்கும் அந்நீரே பயன்பட்டது. ஒறுத்தல் முயற்சிக்கெனத் தம்மைத் தாமே அடித்துக்கொள்ளப் பயன்படுத்திய முடிச்சுக் கயிறு, பிற்காலத்தில் வீட்டிலிருந்து தீமையை ஓட்டும் கருவியாயிற்று. ஆயர் ஒருமுறை செய்யும் அர்ச்சிப்பின் இடத்தில், இல்லறத்தார் திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கு வந்தமர்ந்தது எனலாம்.

இதனினும் குறிப்பிடத்தக்கது ‘சலவை’ என்னும் வழக்கம். ஓவியம் நைந்துபோனால் அதனைப் பார்த்துப் புதிய படி வரைவர். இது துணியை வெளுப்பது போன்ற செயலாகவே கருதப்பட்டது. பழைய சுருளை எறிவதில்லை. முதுமையில் பொறுப்பிலிருந்து ஒதுங்கியவர்போல் ‘ஓய்வு’ பெற்றதாக வைத்துப் பேணுவர். இவ்வாறு படிக்குப் படி கைமாறியதில் அன்னை மரியாள் கிமோனோ அணிந்தாள். யோவான் ஜப்பானியக் குடுமி கொண்டார். இதனை மறதியின் விளைவு என்பது எளிது. ஆயினும், திருவுருவம் அழியலாகாது என்ற கவலையே அதன் சாயலை மாற்றியது என்பதையும் கருத வேண்டும்.

1865இல் நாகசாக்கியின் ஔரா ஆலயத்தில் உரகாமி ஊரினர் அருட்பணியாளர் பெத்தித்ழானிடம் தம்மை வெளிப்படுத்தினர். 1873இல் தடைப்பலகைகள் அகற்றப்பட்டன. பலர் திருச்சபைக்குத் திரும்பினர். இக்கிட்சுகியினருள் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. அச்சம் நீங்கிய பின்னும் வழிபாடு த்சுமோதோ வீடுகளிலேயே நிலைத்தமை, ஒளிவு மட்டுமே காரணம் என்ற விளக்கத்தைத் தகர்க்கிறது. இவர்களது சமயம் மூதாதையர் வழிபாடாக உருமாறிவிட்டது என்பார் மியாசாக்கி கென்தாரோ. தடைக்கு முந்தைய வழிபாட்டு வடிவமே பிற சமயங்களோடு அருகருகே தொடர்ந்தது என்பார் நாகசோனோ ஷிகெயோ. நீர், கயிறு, ஓவியம் ஆகியவற்றின் வரலாறு இரண்டாம் கருத்துக்கே கூடுதல் வலுச்சேர்க்கிறது; முன்னோர் பேணிய பொருள் என்ற பற்றும் அதனுள் அடங்கும்.

இன்று இளையோர் குறைந்து குழுக்கள் பல கலைந்துவிட்டன; அவை காத்த ஓவியங்கள் சில தீவின் அருங்காட்சியகத்தை அடைந்துள்ளன. அருங்காட்சியக நெறி மூலப்படியைத் தொடாமல் காப்பது. சலவை மரபோ மூலப்படிக்கு ஓய்வளித்துப் புதியதை வணங்குவது.